அம்மா ‘மெயிட்’ கேட்கிறார்: கனடாவில் மருத்துவ உதவியுடனான இறப்பு பற்றி எங்கள் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

ரொறன்ரோ வைத்தியசாலைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். நான் வைத்தியரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு நடக்கும் அறைகளில் இருந்திருக்கிறேன். பேச்சு முடிந்து வெளியே வந்தால், நடைபாதையில் பிள்ளைகள் மறித்துக் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அங்கே நின்றபடி விளக்கம் சொல்வது என் வேலை இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். ஒன்ராறியோவை மனதில் வைத்து எழுதியது இது. மற்ற மாகாணங்களில் நடைமுறை கொஞ்சம் மாறும், கியூபெக்கில் நிறையவே மாறும்.

மெயிட் என்பது கருணைக்கொலைதானே?

தமிழ்ப் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. ‘கொலை’ என்று சொன்னதும் செய்கிறவர் ஒருவர், செய்யப்படுகிறவர் ஒருவர் என்று ஆகிவிடுகிறது. ‘கருணை’ என்பதும் பக்கத்தில் நிற்பவரின் உணர்ச்சிதான். நோயாளி என்ன சொன்னார் என்பதற்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. கனடாச் சட்டமோ நோயாளி சொன்னதை மட்டுமே கேட்கிறது.

மெயிட் என்பது மருத்துவ உதவியுடனான இறப்பு. குணமாகாத கடும் நோய் உள்ள, சுயநினைவும் தெளிவும் உள்ள ஒரு பெரியவர் தானாகவே எழுத்தில் கேட்கிறார். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டுச் சம்மதித்த பிறகு, வைத்தியரோ விசேட தகுதி பெற்ற தாதியோ மருந்து கொடுத்து அவர் இறக்க உதவுகிறார். மருந்தை வாங்கி நோயாளி தானே உட்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கனடாவில் அப்படிச் செய்பவர்கள் மிக மிகக் குறைவு. ஏறக்குறைய எல்லாமே நரம்பூசி வழியாகத்தான்.

இது எப்போது சட்டமானது?

1993இல் சூ ரொட்றிகஸ் என்ற பெண் உச்ச நீதிமன்றத்தில் இதைக் கேட்டுத் தோற்றார். அவருக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய். ஐந்துக்கு நான்கு என்று ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம். 2015 பெப்ரவரி 6ஆம் தேதி, கார்ட்டர் வழக்கில், அதே நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒருமனதாகத் தடையை நீக்கினார்கள். 2016 ஜூன் 17 முதல் நாடு முழுவதும் சட்டம். அதற்கு முன்பே, 2015 டிசெம்பரில், கியூபெக் தன் மாகாணச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. பிறகு 2021 மார்ச் 17இல் பெரிய திருத்தம் வந்தது. மரணம் அண்மையில் இல்லாதவர்களும் கேட்கலாம் என்றானது அப்போதுதான்.

யார் கேட்கலாம்?

பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். கனடாவில் அரசாங்க மருத்துவக் காப்பீட்டுக்கு உரியவராக இருக்க வேண்டும். தன் உடல்நலம் பற்றித் தானே முடிவெடுக்கும் தெளிவு இருக்க வேண்டும். யாருடைய வற்புறுத்தலும் இருக்கக் கூடாது. நோவைக் குறைக்க வேறு என்ன வழிகள் உண்டு என்பது அவருக்குச் சொல்லப்பட்டு, அதன் பிறகு அவர் சம்மதிக்க வேண்டும்.

நோயைப் பற்றிச் சட்டம் மூன்று விஷயம் பார்க்கிறது. கடுமையான, குணமாக்க முடியாத நோயாக அல்லது உடற்குறையாக இருக்க வேண்டும். உடல் திரும்பி வர முடியாத அளவு தளர்ந்திருக்க வேண்டும். தாங்க முடியாத துன்பம் இருக்க வேண்டும், அதைத் தணிக்கும் வழிகள் அவருக்கு ஏற்றவையாக இருக்கக் கூடாது. எது தாங்க முடியாதது என்பதை நோயாளியே சொல்கிறார். ‘இதெல்லாம் ஒரு நோவா அப்பா’ என்று மகன் சொல்வதற்கு அங்கே மதிப்பில்லை.

அம்மா சூப்பர் விசாவில் (பெற்றோருக்கான நீண்டகால வருகை விசா) வந்திருக்கிறார். அவர் கேட்கலாமா?

முடியாது. அரசாங்கக் காப்பீடு இல்லாதவருக்கு இது கிடையாது. வெளிநாட்டிலிருந்து இதற்காகவே ஆட்கள் வரக் கூடாது என்பதற்காக வைத்த விதி. காசு கட்டித் தனியாராகச் செய்யவும் வழியில்லை. நிரந்தர வதிவிடம் கிடைத்து ஓஹிப் (ஒன்ராறியோ அரசாங்க மருத்துவக் காப்பீடு) அட்டைக்கு உரியவராக இருந்தால் கேட்கலாம்.

டொக்டர் ‘ட்ராக் வன்’, ‘ட்ராக் டூ’ என்று சொன்னார். என்ன அது?

இயற்கை மரணம் எதிர்பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது என்றால் முதலாம் பாதை. அமெரிக்காவின் ஒறிகனில் ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று வைத்தியர் சொல்ல வேண்டும். கனடாவில் அப்படி மாதக் கணக்கு இல்லை. வயது, நோய், தளர்ச்சி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். முன்பு இருந்த பத்து நாள் காத்திருப்பும் 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது.

மரணம் அண்மையில் இல்லை என்றால் இரண்டாம் பாதை. மதிப்பீடு தொடங்கி குறைந்தது 90 நாட்கள் போக வேண்டும். மதிப்பிடும் இருவரில் ஒருவருக்கு அந்த நோயில் நிபுணத்துவம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிபுணர் ஒருவரிடம் ஆலோசிக்க வேண்டும். உளவள ஆலோசனை, மாற்றுத்திறனாளர் உதவிகள், சமூக சேவைகள் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, அந்தச் சேவைகளைத் தருபவர்களோடு பேசவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். நோயாளி அவற்றை மேலோட்டமாகத் தட்டிக்கழிக்காமல் யோசித்துப் பார்த்தார் என்று மதிப்பிடுபவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எத்தனை பேர் இப்படி இறக்கிறார்கள்?

2023இல் 15,343 பேர். அந்த வருடம் கனடாவில் இறந்தவர்களில் 4.7 வீதம். 622 பேரைத் தவிர எல்லாரும் முதலாம் பாதை. பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கணக்கு. அந்த வருடக் கணக்கில் விண்ணப்பங்கள் 19,660. அதில் 2,906 பேர் மெயிட் நடப்பதற்கு முன்பே வேறு விதமாக இறந்துபோனார்கள், 915 பேர் தகுதியில்லை என்று மறுக்கப்பட்டார்கள், 496 பேர் தாங்களே வேண்டாம் என்று விட்டார்கள். கேட்டால் முடிந்தது என்று எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள். கேட்பது என்பது ஒரு பேச்சின் தொடக்கம்தான்.

மெயிட் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்கள். எங்கள் குடும்பங்களில் இது அரிது. அதனால்தான், கேள்வி வரும்போது யாரைக் கேட்பது என்று தெரியாமல் தடுமாறுகிறோம்.

அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. நான்தானே எல்லா டொக்டரிடமும் கூட்டிப்போய் மொழிபெயர்க்கிறேன். இதற்கும் நானே செய்யலாமா?

வேண்டாம். எல்லாக் கேள்விகளிலும் இதைத்தான் நான் நீட்டிச் சொல்வேன்.

நோயாளிக்குத் தொடர்புகொள்வதில் சிரமம் இருந்தால், அவருக்கு விளங்கும்படியும் அவர் சொல்வது வைத்தியருக்கு விளங்கும்படியும் நம்பகமான வழியை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அறையில் இருக்கும் மகன் நம்பகமானவர் இல்லை. அவர் பொய் சொல்வார் என்பதற்காகச் சொல்லவில்லை. அன்பு உள்ளவர் முழுதாக மொழிபெயர்க்க மாட்டார், அவ்வளவுதான். வைத்தியர் ‘உங்களுக்கு எது தாங்க முடியாமல் இருக்கிறது?’ என்று கேட்பார். அப்பா, ‘மருமகள் என்னைத் துடைத்துக் கழுவுறது’ என்பார். மகன் அதை அப்படியே சொல்வாரா? ‘நடக்க முடியவில்லையாம்’ என்று முடித்துவிடுவார்.

மறுபக்கமும் உண்டு. அப்பா சாதாரணமாகச் சொன்ன ஒரு அலுப்பு, களைத்துப்போன மகளின் வாயில் உறுதியான வேண்டுகோளாக மாறலாம். இரண்டும் தவறு. இரண்டையும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

வைத்தியசாலையிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். நேரில் ஆள் கிடைக்காவிட்டால் தொலைபேசியிலோ காணொளியிலோ ஏற்பாடு செய்வார்கள். உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள். உங்கள் வட்டாரத்து ஆள் வந்துவிட்டால் கதை வெளியே போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், நியாயமான பயம்தான். அப்படியானால் தொலைபேசி மொழிபெயர்ப்பு வேண்டும் என்று சொல்லுங்கள். மதிப்பிடுபவர் நோயாளியோடு தனியாகவும் கொஞ்ச நேரம் கதைப்பார். அப்போது பிள்ளைகளை வெளியே போகச் சொன்னால் கோபிக்காதீர்கள். எங்கள் வீடுகளில் முதியவர் தனக்காகத் தானே பேசும் இருபது நிமிடம் கிடைப்பது லேசான விஷயம் இல்லை.

புற்றுநோய் என்றே அம்மாவுக்கு நாங்கள் சொல்லவில்லை. அவர் சாக வேண்டும் என்று கேட்கிறார். என்ன செய்வது?

முதலில் நோயைச் சொல்ல வேண்டும். என்ன நோய், எந்த நிலை, என்ன சிகிச்சை மிச்சம் என்று தெரியாதவர் இதைக் கேட்க முடியாது; தெரிந்த பிறகுதான் அவர் கையெழுத்துச் செல்லும். ‘கட்டி ஒன்று இருக்கு, எடுத்தால் சரி’ என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அந்த நாள் பெரிய சங்கடம்.

ஆனால் என் அனுபவத்தில் அம்மாமாருக்கு அநேகமாக ஏற்கெனவே தெரியும். பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று அவர்களும் மறைத்துக்கொண்டு இருப்பார்கள்.

‘முருகா, என்னைக் கொண்டுபோ’ என்று தினமும் சொல்கிறார். அது கேட்பதாகுமா?

ஆகாது. எங்கள் மொழியில் அது ஒரு பெருமூச்சு. என் அம்மம்மா முட்டி நோவுக்கே அப்படிச் சொல்லித்தான் தொண்ணூறு வயது வரை இருந்தார். ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் தாதி பதறிப்போய்க் குறிப்பேட்டில் எழுதுவார்.

அதே நேரம், பெருமூச்சுக்குள் சில வேளை உண்மையான கேள்வி ஒளிந்திருக்கும். ‘அப்படிச் சொல்லாதேங்கோ அம்மா’ என்று வாயை மூடாமல், ‘எது கஷ்டமாக இருக்கு?’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நோவா, தனிமையா, இரவில் நித்திரை இல்லையா, மகளுக்குப் பாரம் என்ற நினைப்பா? இதில் பாதிக்கு வேறு மருந்து இருக்கிறது.

டயாலிசிஸை நிறுத்துவதும் மெயிட்டும் ஒன்றா? மோர்பின் கொடுப்பது?

மூன்றும் வேறு வேறு. எங்கள் ஆட்களிடையே நீரிழிவும் சிறுநீரக நோயும் இருக்கும் அளவுக்கு, இந்தக் கேள்விதான் மெயிட்டைவிட அதிகம் பேருக்குத் தேவைப்படும்.

டயாலிசிஸோ, கீமோவோ, செயற்கைச் சுவாசமோ, எந்தச் சிகிச்சையையும் வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு எப்போதும் உரிமை உண்டு. அதற்கு இரண்டு மதிப்பீடு, சாட்சி, காத்திருப்பு எதுவும் இல்லை. அவருக்குத் தெளிவு இல்லாவிட்டால், அவருக்காக முடிவெடுக்கும் உரிமை உள்ளவரும் சொல்லலாம். பிறகு நோய் தன் வழியில் போகும்.

மோர்பின் நோவுக்கும் மூச்சுத் திணறலுக்கும் கொடுப்பது. ‘மோர்பின் தொடங்கினால் ஆள் முடிஞ்சுது’ என்று ஊரில் ஒரு பேச்சு. கடைசி நாட்களில்தான் அங்கே கொடுத்தார்கள், அதனால் வந்த நம்பிக்கை அது. சரியான அளவில் கொடுத்தால் மாதக்கணக்காக, வருடக்கணக்காகவும் மனிதர் அதோடு நடமாடுவார். அந்தப் பயத்தில் அப்பாவுக்கு மருந்தைக் குறைத்துக் கொடுத்து, அவர் நோவு தாங்காமல் மெயிட் கேட்கும் நிலைக்கு வந்தால், அது யார் செய்த வேலை?

நோவு தணிப்புப் பராமரிப்பு, அதாவது பலியேட்டிவ் கெயர், மெயிட்டுக்கு எதிரியும் இல்லை. மெயிட் கேட்டவர்களுக்கும் அது தொடரும். கேட்காவிட்டாலும் கிடைக்கும். கடைசி நாட்களில் எதற்கும் அடங்காத துன்பத்துக்கு மயக்க நிலையில் வைத்திருக்கும் சிகிச்சையும் அதில் உண்டு. வாய் திறந்து கேளுங்கள்.

யார் சாட்சி வைக்கலாம்?

எழுத்து விண்ணப்பத்துக்கு ஒரு சுயாதீன சாட்சி வேண்டும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவராக, உயில் மூலமோ வேறு வழியிலோ அந்த மரணத்தால் நன்மை அடையாதவராக இருக்க வேண்டும். பிள்ளைகள் அநேகமாக இதிலேயே விழுந்துவிடுவார்கள். நோயாளியைப் பராமரிப்பவரும் கூடாது. ஆனால் அதையே தொழிலாகச் செய்து சம்பளம் வாங்கும் பராமரிப்பாளர் சாட்சி வைக்கலாம், அவர் மதிப்பிடுபவராகவோ மருந்து கொடுப்பவராகவோ இல்லாதவரை. மூன்று வருடமாக வேலையை விட்டு அம்மாவைப் பார்க்கும் மகள் சாட்சி இல்லை, நேற்று வந்த பராமரிப்பாளர் சாட்சி. மகள்களுக்கு இது சுடும். சுதந்திரமான கண் வேண்டும் என்பதுதான் காரணம்.

கை நடுங்கிக் கையெழுத்து வைக்க முடியாதவருக்காக, அவர் முன்னிலையில், அவர் சொல்ல, வேறொருவர் கையெழுத்திடலாம். அவரும் நன்மை அடையாதவராக இருக்க வேண்டும்.

பவர் ஒஃப் அட்டர்னி என்னிடம் இருக்கிறது. அம்மாவுக்கு மறதி நோய். அவருக்காக நான் கேட்கலாமா?

முடியாது. வங்கிக் கணக்கு, முதியோர் இல்லம், சத்திர சிகிச்சை எல்லாவற்றிலும் உங்கள் கையெழுத்துச் செல்லலாம். இதில் செல்லாது. கணவனாலும் முடியாது, நீதிமன்றம் நியமித்த பாதுகாவலராலும் முடியாது.

மறதி நோய் வந்தவர் அறவே கேட்க முடியாது என்றும் இல்லை. தொடக்கத்தில், தெளிவு இருக்கும்போது, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் கேட்கலாம். ‘பிள்ளைகளை அடையாளம் தெரியாத காலம் வந்தால் எனக்கு இதைச் செய்யுங்கள்’ என்று முன்கூட்டியே எழுதிவைப்பது ஒன்ராறியோவில் செல்லாது. கியூபெக்கில் 2024 ஒக்ரோபர் 30 முதல் அதற்கு மாகாணச் சட்டம் வழி விட்டிருக்கிறது.

நாள் குறித்த பிறகு நினைவு தப்பிவிட்டால்?

மருந்து கொடுப்பதற்குச் சற்று முன் இறுதியாக ஒருமுறை சம்மதம் கேட்பார்கள். 2021க்கு முன் அந்த நேரத்தில் நினைவு இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும். ஹலிபக்ஸில் ஓட்ரி பார்க்கர் என்பவருக்கு மார்பகப் புற்றுநோய் மூளைவரை பரவியிருந்தது. கிறிஸ்துமஸ் வரை இருக்க ஆசை, அதற்குள் தெளிவு போய்விடுமோ என்ற பயம். அதனால் 2018 நவம்பர் 1ஆம் தேதியே, தான் நினைத்ததற்கு முன்னதாக, இறந்தார். அவர் போட்ட சத்தத்தால்தான் சட்டம் மாறியது.

இப்போது முதலாம் பாதையில் உள்ளவர், நாளைக் குறித்து, ‘அதற்குள் எனக்குத் தெளிவு போனாலும் செய்யுங்கள்’ என்று வைத்தியரோடு எழுத்தில் உடன்படலாம். அப்போதும் அவர் சொல்லாலோ சத்தத்தாலோ சைகையாலோ மறுத்தால் நிறுத்திவிடுவார்கள். ஊசி குத்தும்போது கை தானாகத் துடிப்பது மறுப்பு ஆகாது.

மனம் மாறினால்?

எந்த நேரத்திலும், எப்படியும் வேண்டாம் எனலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. வைத்தியர் வீடு வரை வந்துவிட்டாரே, பிள்ளைகள் லண்டனிலிருந்து டிக்கெட் போட்டு வந்துவிட்டார்களே என்று கூச்சப்படும் தலைமுறை எங்கள் பெற்றோர். ‘இன்றைக்கு வேண்டாம் என்றால் ஒருவரும் கோபிக்க மாட்டோம்’ என்று அவர்கள் காதில் விழும்படி சொல்லிவிடுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது.

மனச்சோர்வு மட்டும் இருப்பவர் கேட்கலாமா?

இப்போது முடியாது. மனநோய் மட்டுமே காரணம் என்றால் 2027 மார்ச் 17 வரை தள்ளிவைத்திருக்கிறார்கள். உடல் நோயோடு மனச்சோர்வும் உள்ளவரை உடனே ஒதுக்குவதில்லை; அந்தச் சோர்வு முடிவெடுக்கும் தெளிவைக் குலைக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கே உயிரை விட்டுவிட வேண்டும் போல் இருந்தால், அது வேறு விஷயம், அவசரமான விஷயம். கனடாவில் எங்கிருந்தும் 988க்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், நாள் முழுவதும் ஆள் இருப்பார். பக்கத்தில் யாராவது ஒருவரிடமும் இன்றே சொல்லுங்கள்.

குடும்ப வைத்தியர் ‘நான் இதில் சேர மாட்டேன்’ என்கிறார்.

அவருக்கு அந்த உரிமை உண்டு. எந்த வைத்தியரையும் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஒன்ராறியோவில், செய்யக்கூடிய ஒருவரிடம் அனுப்பிவைக்கும் பொறுப்பு அவருக்கு இருக்கிறது. 2019இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அவர் இழுத்தடித்தால், மாகாணம் நடத்தும் மெயிட் ஒருங்கிணைப்புச் சேவையை நோயாளியோ குடும்பமோ நேரடியாக அழைக்கலாம். கத்தோலிக்க வைத்தியசாலைகள் தங்கள் கட்டடத்துக்குள் இதை அனுமதிப்பதில்லை. அங்கே இருப்பவரை வேறிடம் மாற்ற வேண்டிவரும், ஆகவே முதலே விசாரியுங்கள்.

பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் எதிர்ப்பு. தடுக்க முடியுமா?

உங்கள் சம்மதம் தேவையில்லை. அப்பா விரும்பாவிட்டால் உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். யாராவது அவரை வற்புறுத்துகிறார்கள் என்றோ, அவருக்குத் தெளிவு இல்லை என்றோ நீங்கள் உண்மையிலேயே நினைத்தால் மதிப்பிடுபவரிடம் சொல்லுங்கள், கேட்பார். ‘எங்களுக்கு இது பிடிக்கவில்லை’ என்பது அதில் சேராது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். முதியவரைச் சாகத் தூண்டுவது குற்றம், பதினான்கு வருடம் வரை சிறை. வாயால் சொல்லாமலும் தூண்டலாம். வீட்டுக் கடனையும் பராமரிப்புச் செலவையும் அவர் கேட்கும்படி சத்தமாகக் கணக்குப் பார்ப்பது ஒரு வழி. மாற்றுத்திறனாளர் அமைப்புகளின் கவலையும் இதுதான், குறிப்பாக இரண்டாம் பாதையைப் பற்றி. நல்ல வீடும் பராமரிப்பும் கிடைக்காதவருக்குச் சாவு மட்டும் சுலபமாகக் கிடைப்பது தெரிவா என்று கேட்டு 2024இல் வழக்குத் தொடுத்தார்கள். 2025 மார்ச்சில், மாற்றுத்திறனாளர் உரிமைகளுக்கான ஐ.நா. குழு இரண்டாம் பாதையையே நீக்கும்படி கனடாவிடம் சொன்னது. அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது என்றே நானும் நினைக்கிறேன்.

அன்றைக்கு என்ன நடக்கும்?

வீட்டிலும் நடக்கலாம், வைத்தியசாலையிலும் நடக்கலாம். கையில் நரம்பூசிக் குழாய் போடுவார்கள். வைத்தியர் தனியாகப் பேசி, கடைசிச் சம்மதம் கேட்பார். பிறகு உங்களுக்கு நேரம் விடுவார். தேவாரம் பாடலாம், செபமாலை சொல்லலாம், சும்மாவும் இருக்கலாம். முதல் மருந்தில் நித்திரை வரும், அடுத்ததில் ஆழ்ந்த மயக்கம், அதன் பிறகு மூச்சு நிற்கும். பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். இவ்வளவு சீக்கிரமா என்று திகைத்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அறையில் நிற்க விருப்பமில்லாதவர் வெளியே நிற்கலாம். பிள்ளை பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை.

செலவு? காப்புறுதி? மரணச் சான்றிதழில் என்ன எழுதுவார்கள்?

நோயாளிக்குச் செலவில்லை, மருந்துக்கும் இல்லை. ஒன்ராறியோவில் மருத்துவச் சான்றிதழில் அவருக்கு இருந்த அடிப்படை நோயே காரணமாக எழுதப்படும். மெயிட் என்ற சொல் இருக்காது. 2017 மாகாணச் சட்டப்படி, மெயிட் என்பதற்காக ஆயுள் காப்புறுதிக் காசை மறுக்க முடியாது. மருந்து கொடுத்தவர் மரண விசாரணை அதிகாரி அலுவலகத்துக்கு அறிவிப்பார். அது எல்லாருக்கும் பொதுவான நடைமுறை, பொலிஸ் விசாரணை இல்லை.

சமயம் என்ன சொல்கிறது?

கத்தோலிக்கத் திருச்சபை தெளிவாக எதிர்க்கிறது. இஸ்லாமியப் பெரியோர்களும் அப்படியே. சைவத்தில் ஒரே இடத்திலிருந்து வரும் தீர்ப்பு கிடையாது. ‘வினையை அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும்’ என்பவரும் உண்டு, ‘கடைசியில் கஷ்டப்படுத்துவதுதான் பாவம்’ என்பவரும் உண்டு. படித்த ஒரு தாத்தா என்னிடம் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் விட்டதைச் சொன்னார். அரசன் போனது நோயால் இல்லை, பிள்ளைகளோடு வந்த பகையால் என்று நான் வாய்க்குள் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

ஐயரிடம் கேட்க நினைத்தால் முன்னதாகவே கேளுங்கள். செத்த வீட்டில் வந்து நின்றுகொண்டு ‘இது துர்மரணம்’ என்று அவர் சொன்னால் அதைத் தாங்க முடியாது.

நாள் நட்சத்திரம் பார்க்கலாமா?

சிரிக்காதீர்கள், இது உண்மையாகவே கேட்கப்படும் கேள்வி. ‘சனிப் பிணம் தனிப் போகாது’ என்று வளர்ந்தவர்கள் சனிக்கிழமையைத் தவிர்ப்பார்கள், பஞ்சமி வராமல் பஞ்சாங்கம் புரட்டுவார்கள். வைத்தியருக்கு அது பிரச்சினை இல்லை, தன் நேரத்துக்குள் வந்தால் சரி. மகனின் பிறந்த நாளையும் பேத்தியின் பரீட்சையையும் தவிர்க்கச் சொன்னவர்களும் உண்டு.

இந்தியாவில், இலங்கையில் இது இருக்கிறதா?

இல்லை. இந்தியாவில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தவும், அதற்காக முன்கூட்டியே எழுதிவைக்கவும் 2018 மார்ச் 9இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2023இல் நடைமுறையை இலகுவாக்கியது. மருந்து கொடுத்து இறக்க உதவுவது அங்கே குற்றம். இலங்கையிலும் சட்டம் அதற்கு இடம் தரவில்லை.

ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு என்ன சொல்வது?

அதை முடிவு செய்ய வேண்டியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவரிடமே கேளுங்கள். ‘எல்லோருக்கும் சொல்லு’ என்பார் ஒருவர். ‘புற்றுநோயில் போனார் என்று மட்டும் சொல்லு’ என்பார் இன்னொருவர், அதுவும் பொய் இல்லை. ஒரு அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் தங்கையை வட்ஸ்அப்பில் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை தான் போகப்போவதைத் தானே சொன்னார். தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘அக்கா, செவ்வாயில வேண்டாம், புதன்ல போ’ என்றார். புதன்கிழமைக்கு மாற்றினார்கள்.